வண்டிக்கும் டானிக் வேண்டுமா?

பெட்ரோல், இன்ஜின் என்றதும், "இதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள். மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, பள்ளிக்கூடக் கட்டணம் என்று பிரித்து வைப்பது நாம்தானே? அந்தப் பிரிவில் பெட்ரோலுக்கு என்று ஒரு கவர் இப்போது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதுவும் சின்னக் கவர் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விடவும், காய்கறி வாங்கவும் நம்மில் பலபேர் நாமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகிறோம். பங்க்கில் இருக்கும் பையன், "சாதாவா, பவரா?" என்று கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லதுதானே?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எப்படி முளைத்தது என்று சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில். என் வீட்டுக்காரர் தவணைக்குத் துணி கொடுக்கும் வியாபாரம் செய்கிறார். சேலை, வேட்டி, பாவாடைத் துணி என்று இரண்டு மூட்டை கட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார். வாரத்தில் இரண்டு நாள் சிறுமலைக்கும் ஏறுவார். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப் பாதை அது. அவருடைய வண்டி 2011-ல் வாங்கிய 125 சி.சி. வண்டி. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த வண்டியின் புண்ணியத்தில்தான். அது ஒரு நாள் படுத்தால் அன்றைய வசூல் போச்சு.

2021-ம் வருஷம் கொரோனா இரண்டாம் அலை வந்ததே, நினைவிருக்கிறதா? மே மாதம் ஊரடங்கு போட்டதும் வியாபாரம் அடியோடு நின்றது. கொடுத்த துணிக்குத் தவணையும் வரவில்லை. கையில் இருந்ததை வைத்து எப்படியோ ஓட்டினோம். ஊரடங்கு தளர்ந்து அவர் மறுபடி வண்டியை எடுத்தபோது பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. ஜூலை 2-ம் தேதி சென்னையிலேயே லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊரிலும் அதே கதிதான். இது போதாதென்று, வண்டி மலை ஏறும்போது வித்தியாசமாகச் சத்தம் போட ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தை முதலில் கவனித்தது நான்தான். சிறுமலையில் நாலைந்து பெண்களிடம் பாக்கி நின்றிருந்தது. "நீயும் வந்து பேசினா கொடுப்பாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏற்றத்தில் வண்டி திணறும்போதெல்லாம், காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இன்ஜினுக்குள் 'டிக் டிக், டிக் டிக்' என்று கேட்டது. சமவெளியில் இல்லை. ஏற்றத்தில் மட்டும்தான். சமையலறையில் எது கொதிக்கிறது, எது அடி பிடிக்கிறது என்று காதாலேயே தெரிந்துகொள்கிறவர்கள் அல்லவா நாம்? "என்னங்க, உள்ளே ஏதோ வெடிக்குதே?" என்றேன். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று அவர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் பெரிய பையன் பிடித்துக்கொண்டான். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். வீட்டிலிருந்தே கைபேசியில் பாடம் படித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, அதுக்குப் பேரு நாக்கிங். சாதா பெட்ரோல்ல ஆக்டேன் கம்மி, 91தான். பவர் பெட்ரோல்ல 95. அதைப் போட்டா சத்தம் போயிடும், வண்டியும் சும்மா பறக்கும். இன்ஜினுக்கு அது சத்துப்பா. டெல்லி, பம்பாய்ல எல்லாம் 100 ஆக்டேனே வந்தாச்சு!"

அவன் சொன்னது பொய்யில்லை. 2020 டிசம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலைச் சில நகரங்களில் விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. டெல்லியில் அதன் விலை லிட்டர் 160 ரூபாய்! விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, அது எங்கள் ஊருக்கு வரவில்லை.

மகன் சொல்லிவிட்டானே என்று இவரும் 95 போட ஆரம்பித்தார். எங்கள் பங்க்கில் அப்போது லிட்டருக்கு நான்கு ரூபாய் போலக் கூடுதல். மாதம் நாற்பது லிட்டர் பிடிக்கும். நான் என் கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தேன். மாதம் 160 ரூபாய், வருஷத்துக்கு 1,920. அந்த மே மாதம்தான் ஆவின் பால் விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்திருந்தார்கள். நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய். 160 ரூபாய் என்றால் நான்கு லிட்டர் பால்! அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததை நாம் இன்னொரு கையால் வண்டிக்கு வார்க்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

சரி, பணம் போனால் போகட்டும், வண்டி நன்றாக ஓடினால் சரி என்று இரண்டு வாரம் பார்த்தேன். சத்தம் குறைந்தது என்னவோ நிஜம். ஆனால் நிற்கவில்லை.

"ஏன்டா, பத்து வருஷமா இந்த வண்டி சாதா பெட்ரோல்லதானே ஓடுச்சு? அப்ப வராத சத்தம் இப்ப ஏன் வருது? பெட்ரோல் மாறலை. அப்படின்னா மாறினது வண்டிதானே?" என்று கேட்டேன்.

"அம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது, நீ சும்மா இரு" என்றான்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பிள்ளைக்கு அடிக்கடி தலைவலி வருகிறது. மாத்திரை கொடுக்கிறோம், குறைகிறது. மறுபடி வருகிறது. மறுபடி மாத்திரை. கண் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகும் விஷயம். மாத்திரையால் வலி அடங்கினாலும் கோளாறு உள்ளேதானே இருக்கிறது? இதையே அவர்கள் அப்பாவிடம் சொன்னேன். "பாய்கிட்ட ஒரு தடவை காட்டிடலாங்க. பவர் பெட்ரோல்தான் வேணும்னு அவரே சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

பேகம்பூர் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய், அறுபதைத் தாண்டியவர். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் இருங்க தங்கச்சி, பிரிச்சுப் பார்த்துடலாம்" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். வேலை செய்துகொண்டே அவர் சொன்ன பாடம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் எனக்கு யாராவது இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் பத்தாவதோடு நின்றிருக்க மாட்டேன்!

இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து போகிறது. பிஸ்டன் மேலே வந்து அதை அழுத்துகிறது. அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதேபோல. சரியான நேரத்தில் பிளக் ஒரு பொறி கொடுக்கிறது. அங்கே பற்றிய தீ ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். பரவினால் பிஸ்டனைப் பக்குவமாகக் கீழே தள்ளும், வண்டி ஓடும்.

"தீபாவளிக்குச் சரவெடி வைக்கிறோம்ல தங்கச்சி? ஒரு நுனியில பத்த வெச்சா வரிசையா வெடிச்சுக்கிட்டே போகணும். பாதி வெடிக்கும்போது மிச்சத்துல இன்னொரு இடத்துல தானா தீப்பிடிச்சா என்ன ஆகும்? மொத்தமா ஒரே அடியா வெடிக்கும். இன்ஜினுக்குள்ள அதுதான் நாக்கிங். பொறி கொடுத்தது ஒரு பக்கம், சூடும் அழுத்தமும் தாங்காம தானா பத்திக்கிறது இன்னொரு பக்கம். நீங்க கேட்ட 'டிக் டிக்' அந்த அடிதான். சுத்தியால தட்டுற மாதிரி. ரொம்ப நாள் விட்டா பிஸ்டன் தலையிலேயே ஓட்டை போட்டுடும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிஸ்டன் போனால் இன்ஜின் வேலை. இன்ஜின் வேலை என்றால் கையில் இருக்கும் கொஞ்ச நஞ்சமும் போய், வண்டியும் பல நாள் பட்டறையில் கிடக்கும்.

"அப்ப ஆக்டேன்னா என்ன பாய்?"

"பெட்ரோலோட பொறுமைக்குப் போட்ட மார்க்கும்மா. எவ்வளவு அழுத்தினாலும், சூடு பண்ணினாலும், பிளக் பொறி வர்ற வரைக்கும் தானா பத்திக்காம பொறுத்திருக்குதா? அதுக்குத்தான் மார்க்கு. ஜாஸ்தி மார்க்கு வாங்கினா ஜாஸ்தி பொறுமை. அவ்வளவுதான். அதுல ஜாஸ்தி பலம்னு அர்த்தம் கிடையாது."

பிறகு வீட்டுக்கு வந்து பையனைவிட்டே தேடிப் படிக்கச் சொன்னேன். பாய் சொன்னது அச்சாகச் சரி. ஐசோ-ஆக்டேன் என்று ஒரு திரவம் இருக்கிறது. அது எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளாது. அதற்கு 100 மார்க். ஹெப்டேன் என்று இன்னொன்று. அது உடனே படபடவென்று அடிக்கும். அதற்கு 0. கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியல் அறிஞர் 1926-ல் கண்டுபிடித்த அளவுமுறை இது. நம் பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் என்று அர்த்தம். அந்த எண்ணில் சத்தும் இல்லை, மைலேஜும் இல்லை.

"அப்ப எந்த வண்டிக்கு எது?" என்று கேட்கிறீர்களா? அது அந்த வண்டி எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. நாம் ஓட்டும் 100, 110, 125 சி.சி. வண்டிகளும் ஸ்கூட்டர்களும் உள்ளே போன கலவையைச் சுமார் 9, 10 மடங்கு அழுத்துகின்றன. அதற்கு 91 ஆக்டேனே தாராளம் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். பந்தயத்துக்குப் போகிற மாதிரியான பெரிய பைக்குகள் 12, 13 மடங்குகூட அழுத்தும். அவற்றுக்குப் பொறுமை அதிகம் உள்ள பெட்ரோல்தான் சரி. குக்கரில் வேக வேண்டிய மொச்சையும், ஆவியில் வெந்துவிடும் இட்லியும் ஒன்றாகுமா?

என் அண்ணன் மகன் மதுரையில் ஒரு பெரிய பைக் வைத்திருக்கிறான். அதன் புத்தகத்தில் 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறது. அவன் சிக்கனம் பார்த்து மட்டமான பெட்ரோல் போட்டால் தப்பு. அதேபோல 91 போதும் என்று எழுதியிருக்கும் வண்டிக்கு நாம் 95-ம் 100-ம் வார்த்தால் அது வீண். நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடி விளையாடும் குழந்தைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை குடிக்கிறது என்பதற்காக டானிக் வாங்கிக் கொடுக்கிறோமே, அந்தக் கதைதான். உடம்புக்குத் தேவையில்லாதது உடம்பில் ஒட்டாது. காசு மட்டும் போகும்.

என் நாத்தனார் அமெரிக்காவில் இருக்கிறாள். "இங்கே எல்லாரும் 87தான் போடறோம் அண்ணி, உங்க ஊர்ல 91-ஆ?" என்று போனில் ஆச்சரியப்பட்டாள். அங்கே அளக்கும் முறை வேறு. இரண்டு விதச் சோதனை செய்து அதன் சராசரியைப் போடுகிறார்கள். அவர்களுடைய 87-ம் நம்முடைய 91-ம் ஏறத்தாழ ஒன்றுதான். படி வேறு, அரிசி ஒன்று.

சரி, எங்கள் வண்டிக்கு வருவோம். பாய் ஹெட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பிஸ்டன் தலையிலும் மேல்கூரையிலும் அடி பிடித்த பால் சட்டி மாதிரி கறுப்பாகக் கரி அப்பியிருந்தது. காற்று வடிகட்டியில் கிராமத்துப் புழுதி அத்தனையும் அடைத்துக்கொண்டிருந்தது. காற்று போதாமல் பெட்ரோல் சரியாக எரியாமல் கரியாகியிருக்கிறது. கரி படிந்ததால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கூடியிருக்கிறது. அந்தக் கரியே கங்கு மாதிரி சூடாகிக் கலவையைச் சீண்டியிருக்கிறது. போதாததற்கு, முந்தின வருஷம் வழியில் யாரோ போட்டுக்கொடுத்த பிளக் இந்த வண்டிக்கு உரிய நம்பர் இல்லை.

"95 போட்டதும் சத்தம் குறைஞ்சதுன்னு சொன்னீங்கல்ல? பெட்ரோல் பொறுத்துக்கிச்சு. ஆனா கரி அப்படியேதான் ஏறிக்கிட்டிருந்திருக்கும். இன்னும் ஆறு மாசம் போனா 95-லயும் அடிக்க ஆரம்பிச்சிருக்கும்" என்றார் பாய்.

கரியைச் சுரண்டி, கேஸ்கெட் மாற்றி, வடிகட்டி புதுசு, சரியான நம்பர் பிளக், ஆயில் மாற்றம் என்று எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய் ஆனது. இன்னொரு புத்தியும் சொன்னார். "மூட்டையோட ஏத்தத்துல நாலாவது கியர்லயே இழுக்காதீங்க. வண்டி திணறும்போது மூணு, ரெண்டுன்னு இறங்கிடுங்க. கியரை மாத்தாம முறுக்கினாலும் நாக் அடிக்கும்." அதற்கு ஒரு பைசா செலவில்லை.

அதன் பிறகு இவர் ஒரு மாதம் 95-ம், அடுத்த மாதம் சாதாவும் போட்டு ஓட்டிப் பார்த்தார். நான் நோட்டில் கிலோமீட்டரை எழுதினேன். இரண்டு மாதமும் லிட்டருக்கு 45 கிலோமீட்டர்தான். மலை ஏற்றத்திலும் சத்தம் இல்லை. பையன் நோட்டைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, சாதாவே போடட்டும்" என்றான். ஆகஸ்டில் தமிழக அரசு வரியைக் குறைத்து லிட்டருக்கு 3 ரூபாய் விலை இறங்கியதும் பெட்ரோல் கவரில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. சின்னவளின் பள்ளிப் புத்தகச் செலவுக்கு அது உதவியது.

இது 2021 கதை. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். கரும்பு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் இவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் 2025-ல் நாடு முழுவதும் வந்துவிட்டது. இ-20 என்று அதற்குப் பெயர். எத்தனாலுக்குப் பொறுமை மிக அதிகம். அதனால் இ-20 பெட்ரோலின் ஆக்டேன் 91-லிருந்து 95-க்கு உயர்ந்துவிட்டது. அதாவது அன்று கூடுதல் காசு கொடுத்து வாங்கிய எண் இன்று சாதா பெட்ரோலிலேயே இருக்கிறது! பிறகு எதற்கு நம் சின்ன வண்டிகளுக்கு அதைவிட விலை கூடியது? அதில் இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் மருந்து கலந்திருக்கிறது என்பார்கள். காலாகாலத்தில் சர்வீஸ் செய்யும் வண்டிக்கு அது கட்டாயம் இல்லை.

இன்னொரு விசேஷம் பாருங்கள். ஆக்டேன் கூடினால் சத்து கூடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எத்தனாலே பதில். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால்தான், பழைய இருசக்கர வண்டிகளில் இ-20 போட்டால் மைலேஜ் நூற்றுக்கு மூன்று, நான்கு குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. ஆக்டேன் ஏறுகிறது, மைலேஜ் இறங்குகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2023 ஏப்ரலிலிருந்து தயாரான வண்டிகளின் குழாய், ரப்பர் எல்லாம் இ-20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தின வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் டியூபையும் ரப்பர் வாஷர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் போன வருஷம் டியூப் ஊறிப்போய் லேசாகக் கசிந்தது. பாய் மாற்றிக் கொடுத்தார். செலவு நூறு ரூபாய்க்குள்தான்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆக்டேன் ஆசைக்காக உலகம் குழந்தைகளைப் பலி கொடுத்த கதை அது. 1921 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் துளி ஈயச் சேர்மம் கலந்தால் நாக்கிங் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். மலிவான வழி. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. வண்டிப் புகையில் வந்த ஈயம் காற்றிலும் மண்ணிலும் படிந்து, தவழும் குழந்தைகளின் கை வழியாக வாய்க்குப் போனது. ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர் பாஸ்டன் நகரை ஒட்டிய ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்துச் சோதித்தார். பல்லில் ஈயம் அதிகம் இருந்த பிள்ளைகள் புத்திக் கூர்மையிலும் கவனத்திலும் பின்தங்கியிருந்தார்கள் என்று 1979-ல் வெளியிட்டார். பிள்ளைகள் கூரைமேல் வீசும் பால் பல்லில் இவ்வளவு சங்கதியா!

நம் நாட்டில் 2000 பிப்ரவரி 1-ம் தேதி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. அது 2021 ஜூலை மாதம். எங்கள் வீட்டில் 91-ஆ, 95-ஆ என்று வாக்குவாதம் நடந்த அதே மாதம்தான்! இப்போது பங்க்கில் கிடைப்பதில் ஈயம் இல்லை. ஆனாலும் பெட்ரோல் ஆவி நல்லதல்ல. அதில் பென்சீன் என்ற நச்சு உண்டு. பங்க்கில் குழந்தையை டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டே பெட்ரோல் போடாதீர்கள். இறக்கித் தள்ளி நிறுத்துங்கள்.

சகோதரிகளே, நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். நம் வீடுகளில் அது பீரோவில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே கிடக்கும். எடுத்து, பெட்ரோல் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். எத்தனை ஆக்டேன் வேண்டும் என்று அதில் இருக்கும். அந்த எண்தான் உங்கள் வண்டிக்குச் சரி. அதற்குக் கீழே போகாதீர்கள், மேலே போக அவசியமில்லை.

பங்க்கில் கேட்காமலே விலை கூடியதைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஒரு முறை எனக்கே அப்படி ஆனது. டேங்க் மூடியைத் திறக்கும் முன்பே, "சாதா பெட்ரோல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மெஷினில் விலையையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஏற்றத்தில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் அலட்சியம் வேண்டாம். கியரை இறக்கியும் நிற்கவில்லையானால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வடிகட்டி, பிளக், கரி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் பங்க்கை மாற்றிய பிறகு சத்தம் வந்தால் பெட்ரோலில் கலப்படமும் இருக்கலாம். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் இறங்கிவிடும்.

விலை ஏறப் போகிறது என்று கேனில் வாங்கி வீட்டில் வைக்கவே கூடாது. அடுப்பு எரியும் வீட்டில் அது வெடிகுண்டு. வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பதையும் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். தப்பித் தவறிக் குழந்தை பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ விழுங்கிவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

என் பையன் இப்போது வேலைக்குப் போகிறான். சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பைக் வாங்கிக்கொண்டான். வாங்கிய அன்று மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றிப் புறப்படும் முன் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தான். "என்னடா போட்டிருக்கு?" என்றேன். "சாதாவே போதும்னு போட்டிருக்கும்மா" என்றான். மிச்சமாகும் காசை என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. மறு மாதத்திலிருந்து தங்கையின் பஸ் பாஸுக்கு அவனே கொடுக்கிறான்.